முதுகை ஸ்டோரில் ஒப்படைக்கவும்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு யோசனை. செலவில்லாத யோசனை, ஆகவே ஏற்கப்படலாம்.

பட்டாளத்திலிருந்து வெளியே வருகிற சிப்பாய் கடைசி நாட்களில் ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்குவான். அரசு கொடுத்த சாமான் அத்தனையும் எண்ணித் திரும்ப வாங்கப்படும். கம்பளி, கொசுவலை, தண்ணீர்க் குப்பி, மெஸ் டின், தோளில் சுமந்த பிட்டு என்கிற முதுகுப் பை. ஒன்று குறைந்தாலும் கையெழுத்து விழாது. கொசுவலையில் கிழிசல் இருந்தால் அது எப்படி வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். கணக்கில் இத்தனை சுத்தமான ஒரு நிறுவனம், பதினெட்டு வயதில் முழுசாக வாங்கிய ஒரு பொருளை மட்டும் நாற்பது வயதில் முறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டால் "அது உன் சொந்தச் சொத்தப்பா" என்கிறது. முதுகைச் சொல்கிறேன்.

ஆகவே முதுகையும் ஸ்டோரிலேயே ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். ரசீது போடுங்கள்: முள்ளெலும்பு முப்பத்து மூன்று, இடைத்தட்டு இருபத்து மூன்று, அவற்றில் பழுதானவை இரண்டு, நழுவியது ஒன்று. மிச்ச உடம்பை எடுத்துக்கொண்டு அவன் ஊர் வந்து சேரட்டும். பென்ஷன் வாங்க வங்கி வரிசையில் நிற்க முதுகு வேண்டுமே என்பீர்கள். அந்த வரிசையில் இப்போதும் அவன் முதுகை நம்பி நிற்கவில்லை, சுவரை நம்பித்தான் நிற்கிறான்.

வாங்கும்போது அரசுக்கு இருக்கிற கவனத்தைப் பாருங்கள். ஆள்சேர்ப்பு முகாமில் நம் பக்கத்துப் பையன் 166 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். மார்பு 77, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பீமில் பத்து தடவை உடம்பைத் தூக்கிக் காட்டினால் அதிலும் முழு மதிப்பெண். அதற்குப் பிறகு டாக்டர். குனி, நிமிர், திரும்பு, கையை நீட்டு. முதுகெலும்பில் சின்னக் கோணல் தெரிந்தாலும் வீட்டுக்குப் போ. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விடுவார்கள்.

சினிமாவில் பட்டாளத்தான் முதுகில் பாய்வது துரோகி சுட்ட குண்டு. நிஜத்தில் ஏறுவது மூட்டை. த்ரீ டன் லாரியின் பலகையில் குலுங்கிக்கொண்டே கணவாய் ஏறுவது, மண்மூட்டை அடுக்கிப் பங்கர் கட்டுவது, ரேஷன் சாக்கையும் சிக்னல் கேபிள் உருளையையும் தோளேற்றிச் செங்குத்தில் நடப்பது, பனியில் நின்றபடி ராத்திரியைக் கழிப்பது. 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சியாச்சினில் ஏறிய நாளிலிருந்து அங்கே சுமப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், சுமை இறங்கவில்லை. மதராஸ் ரெஜிமென்ட்டின் "வீர மதராசி, அடி கொல்லு" முழக்கத்தை யூடியூபில் கேட்டுப் புல்லரிக்கிற நாம், முழங்கி முடித்தபின் அந்த ஆள் குனிந்து எதைத் தூக்கினான் என்று கேட்டதில்லை.

இத்தனைக்கும் பிறகு, வெளியே அனுப்புமுன் உடம்பைச் சோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டு வரும். அங்கே நடப்பது மருத்துவத்தைவிடப் புவியியல் பாடத்துக்கு நெருக்கமானது. வலி முதன்முதலில் எங்கே வந்தது? எல்லையிலா, பீஸ் ஸ்டேஷனிலா? பீஸ் ஸ்டேஷன் என்றால் வேலை முடிந்தது. "அமைதிப் பகுதியில் தொடங்கியது; ஆகவே பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல" என்று ஒரு வரி. பத்து வருசம் மலையேறித் தேய்ந்த தட்டு, பதினோராம் வருசம் செகந்திராபாத்தில் காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது நழுவினால், குற்றவாளி ஷூ லேஸ். தேசப்பற்றுள்ள முதுகாக இருந்தால் பதினேழாயிரம் அடி உயரத்தில் இருந்தபோதே நழுவியிருக்க வேண்டாமா?

அப்படியே பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டாலும், ஓய்வூதியம் கிடைக்க ஊனம் இருபது விழுக்காடாவது இருக்க வேண்டும். பத்தொன்பது விழுக்காட்டு வலி சட்டப்படி வலி இல்லை. அதை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

உச்ச நீதிமன்றம் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோய் இருந்ததாக எழுதி வைக்கவில்லை என்றால் பின்னால் வந்த கேடு பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை மேல்நோக்கி முழுமையாக்கித் தருவதை எதிர்த்து மத்திய அரசு கொண்டுபோன மேல்முறையீடுகளைக் கட்டாகத் தள்ளுபடி செய்தது. அரசு என்ன செய்தது? அடுத்த கட்டைக் கட்டியது. எதிரியிடம் காட்டாத விடாப்பிடியைத் தன் சொந்த ஹவில்தாரின் இடுப்பிடம் காட்டியது. 2019 ஜூன் 24 அன்று ஒரு சுற்றறிக்கை: பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு கிடையாது. வலிக்கு வரி போட்ட பெருமை வேறு எந்த நாட்டுக்கு உண்டோ! 2023 செப்டம்பர் 21 முதல் விதிகளே புதுசு. பணிக்காலத்தை முடித்து வருகிறவருக்கு இனிமேல் இருப்பது "குறைபாட்டு நிவாரணம்" மட்டும். சரியில்லை என்றால் வழக்குப் போடலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. நம் பக்கத்து முதுகு வலிக்காரர் அறுநூறு கிலோமீட்டர் உட்கார்ந்து போய், தனக்கு முதுகு வலிக்கிறது என்று நிரூபிக்கலாம். போய்ச் சேர்ந்த கோலமே சாட்சி.

பணத்தை விடுவோம். வைத்தியத்துக்கு வருவோம். அதற்குப் பனவடலிசத்திரம் போக வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் தாண்டி வருகிற ஊர். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது தென்காசிப் பக்கம் விழுந்தது. மானாவாரி வெள்ளாமை, ஆட்டுக்கிடை. மழை ஏமாற்றினால் பையன்கள் மில்லுக்கோ பட்டாளத்துக்கோ போகிற வட்டாரம். அங்கே ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரை நிறுத்திக்கொள்வோம். ஆள் என் கற்பனை. ஐம்பத்தைந்து வயது. ஊரில் மிலிட்டரி அண்ணாச்சி. டீக்கடையில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க இவர் மட்டும் விறைப்பாக நின்றே குடிப்பார். "பாத்தியாலே, பட்டாளத்து மிடுக்கு இன்னும் போவல" என்று இளவட்டங்கள் மெச்சிக்கொள்ளும். உட்கார்ந்தால் எழுப்பிவிட ரெண்டு ஆள் வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அவருக்கு அட்டை உண்டு. இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. தேதியைக் கேலி செய்ய வேண்டாம், நிதியாண்டு அப்படி. நாடு முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்ட பாலி கிளினிக்குகள், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகள். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 8,317 கோடி ரூபாய். இலவசமும் கிடையாது. 2017 டிசம்பர் கடைசியில் வந்த ஆணைப்படி, ஓய்வு பெறுகிற சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாயும், சுபேதார் வகையினர் 67,000-மும், ஆபீசர்கள் 1,20,000-மும் முன்பணமாகக் கட்ட வேண்டும். பணம் கட்டிய வாடிக்கையாளர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலி கிளினிக் கவுண்டரில் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அவருடைய பாலி கிளினிக் திருநெல்வேலியில். சுமார் நாற்பது கிலோமீட்டர். இடுப்பு வலிக்குப் பத்து நாள் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். போக வர எண்பது, பத்து நாளைக்கு எண்ணூறு. அந்தத் தூரத்துக்குச் சென்னை போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் பஸ்ஸின் பின்சீட்டில் தூக்கிப் போட்டு, அங்கே போய் இருபது நிமிடம் இடுப்பை நீவிக் கொடுத்து, திரும்பும் வழியில் அதே வேகத்தடைகளில் மறுபடி தூக்கிப் போட்டு ஊரில் இறக்கிவிடுவது. சிகிச்சையையும் நோயையும் ஒரே டிக்கெட்டில் கொடுக்கிற திட்டம் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் அண்ணாச்சி போகமாட்டார். கோப்பில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று ஏறும்.

இப்போது ஒரு தேதிப் பொருத்தம். டிசம்பர் 7 நமக்குக் கொடி நாள், 1949-இலிருந்து. கலெக்டர் உண்டியலில் முதல் நோட்டைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் குண்டூசியால் கொடி குத்திக்கொள்வார்கள், அலுவலகங்களுக்கு வசூல் இலக்கு வரும். 2023-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 7 அன்று ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு, கத்தி வைக்காமல் என்ன செய்யலாம் என்று முதல்முறையாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி, 2050-இல் 84.3 கோடியாகும் என்று கணக்கும் சொன்னது. கொடி குத்திக்கொண்ட யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

படித்திருந்தால் சங்கடமாகியிருக்கும். வழிகாட்டி செய்யச் சொல்வது: வலி என்றால் என்ன, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று நோயாளிக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, ஆளுக்கேற்ற உடற்பயிற்சி, கையால் செய்கிற நீவலும் முதுகெலும்பு அசைவுச் சிகிச்சையும், ஊசி குத்தும் அக்குபங்சர், வலியோடு மல்லுக்கட்டுகிற மனசுக்கு ஆலோசனை, தேவைப்பட்டால் அழற்சி தணிக்கும் மாத்திரை. ஊசி மிளகாய்க் களிம்பு கூட அதில் உண்டு. கோவில்பட்டிச் சந்தை வியாபாரிகள் கவனிக்கவும். வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது: இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் என்கிற மின் அதிர்வு, ஓபியாய்டு மாத்திரை.

நம் ஊர் எந்த எலும்பு டாக்டரிடம் வேண்டுமானாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். முதலில் கிடைப்பது பெல்ட். வேண்டாம் என்ற வரிசை நமக்கு மனப்பாடம். வேண்டும் என்ற வரிசையில் ஏன் எதுவும் கிடைப்பதில்லை? காரணம் எளிது. பெல்ட்டுக்குக் கொட்டேஷன் வாங்கலாம். டிராக்‌ஷன் கட்டிலுக்கு டெண்டர் விடலாம், இருப்புப் பதிவேட்டில் ஏற்றலாம், தணிக்கைக்கு வருகிறவரிடம் தொட்டுக் காட்டலாம். "பயப்படாதீங்க அண்ணாச்சி, நடங்க, நான் சொல்லித் தாரேன்" என்று ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்வதற்கு எந்தப் பதிவேட்டில் பக்கம் இருக்கிறது? வேலை செய்கிற வைத்தியம் எல்லாம் ஆளும் நேரமும் அருகாமையும் கேட்கிறது. நம் அரசிடம் இருப்பது அட்டையும் தூரமும். பாலி கிளினிக் ஊழியர்களே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அடுத்த வருசம் தான் இருப்போமா என்று தெரியாதவர், நோயாளியின் அடுத்த வருச முதுகைப் பற்றி எங்கே யோசிப்பது?

ஆனால் கத்தி என்றால் கதவு அகலத் திறக்கும். இ.சி.எச்.எஸ். பில் கட்டுவது, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் விகிதப்படி. அறுவை என்றால் பேக்கேஜ்: படுக்கை, தியேட்டர், மயக்க மருந்து, திருகாணி, தகடு. பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைக்கு ஒரு முதுகை வெட்டுவது வருமானம், நூறு நாள் பயிற்சி சொல்லிக் கொடுப்பது தர்மம். இரண்டில் எதற்கு ரெஃபரல் கடிதம் சீக்கிரம் வரும் என்பதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. என்றதும் சொல்லியாக வேண்டிய வேடிக்கை. தட்டுத் தேய்மானம் வலியே இல்லாதவர் படத்திலும் தெரியும். 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வுப்படி, வலியில்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. ஆகவே அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். மெடிக்கல் போர்டு வாசிக்கும்: "வயசானா தேயும்ப்பா, எல்லாருக்கும் இருக்கிறதுதான், ஓய்வூதியம் கிடையாது." வெட்டத் தயாராக இருக்கிறவர் அதே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பார்: "ஐயய்யோ, இப்படியேவா நடந்துகிட்டிருக்கீங்க? இந்த வாரமே அட்மிட் ஆகுங்க." அரசு பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் இயற்கை, அரசிடம் பணம் வாங்க வேண்டிய இடத்தில் அவசரம். ஒரே தட்டுதான். கால் செயலிழந்து போகிறது, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அது வேறு. அன்றைக்கே ஓட வேண்டும், அங்கே கத்திதான் தெய்வம். மற்றவர்களுக்குக் கத்தியைக் கடைசியில் வையுங்கள் என்று 2018-இல் லான்செட் இதழ் தனித் தொடரே போட்டது. அது ஆங்கிலத்தில் இருந்தது. நம் அதிகாரிகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

சரி, மூன்றாம் நாளோடு பிசியோதெரபியை விட்ட அண்ணாச்சி என்ன செய்வார்? ஊரில் அறுவையில்லா சிகிச்சைக்குப் பஞ்சமில்லை. சங்கரன்கோவில் பதினைந்து இருபது கிலோமீட்டர்தான். சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் எடுத்துப் பூசுவார், தின்பார். ரெஃபரல் வேண்டாம், ஸ்மார்ட் கார்டு வேண்டாம், "நாட் அவைலபிள்" என்று யாரும் முத்திரை குத்துவதில்லை. அங்கே இருக்கிற கோமதி அம்மனை நான் குறை சொல்ல வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்காராமல் பக்கத்திலேயே இருக்கிற பொறுப்பு அவளுக்காவது இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒற்றடம், தொக்கணம், வர்மம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அதுவும் அதே பஸ், அதே வேகத்தடை.

அடுத்தது மெடிக்கல் ஸ்டோர். "வழக்கம் போலவா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே தம்பி டைக்ளோபினாக் பட்டையைக் கிழித்துக் கொடுப்பான். இந்த மருந்து போட்ட மாட்டின் சவத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்ததால், 2006-இல் கால்நடைகளுக்கு இதைத் தயாரிக்க நம் அரசு தடை போட்டது. கழுகு விஷயத்தில் அவ்வளவு அக்கறை. அதையே அண்ணாச்சி வருசக்கணக்கில் சீட்டு இல்லாமல் விழுங்கலாம். அவர் சிறுநீரகம் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இல்லை. ஒரு நாள் டயாலிசிஸ் என்று வந்தால் கவலை இல்லை, அதற்கு ரெஃபரல் கிடைக்கும். அதில் இயந்திரம் இருக்கிறதே.

மூன்றாவது கேன்டீன் சரக்கு. முன்னாள் படைவீரருக்கான சேவைகளில் மாதம் தவறாமல், அளவு குறையாமல், சண்டையில்லாமல் கிடைப்பது ரம் ஒன்றுதான். இரவு ரெண்டு மூடி ஊற்றினால் எல்5 தட்டு எங்கே இருக்கிறது என்று அதற்கே மறந்துவிடும். மிச்ச பாட்டில்களுக்காகத்தான் ஊரில் பாதிப்பேர் அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள். இந்திய அரசின் வலி மேலாண்மைக் கொள்கை என்று எழுத்தில் ஏதாவது இருக்குமானால் அது இந்தக் கோட்டாப் பட்டியல்தான்.

அமெரிக்காவைப் பார் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. விஸ்கான்சின் மாநிலம் டோமாவில் உள்ள அவர்களுடைய படைவீரர் மருத்துவமனையில் ஓபியாய்டை அள்ளி வீசி, படைவீரர்களே அதற்கு "கேண்டி லேண்ட்" என்று பட்டப்பெயர் வைத்து, 2014-இல் ஒரு இளம் முன்னாள் மரீன் அங்கேயே இறந்துபோனார். ஆனால் அந்தச் சாவு அங்கே நாடாளுமன்றம் வரை போயிற்று. 2016-இல் சட்டம் வந்தது. மாத்திரைக்குப் பதில் யோகாவும் அக்குபங்சரும் கைச்சிகிச்சையும் படைவீரர் மருத்துவமனைகளில் விரிந்தன. 2018 ஜூன் 6-இல் இன்னொரு சட்டம். அதன்படி வந்த விதிகளில், சிறப்புச் சிகிச்சைக்குச் சராசரி ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருந்தாலோ, இருபத்தெட்டு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, பக்கத்துத் தனியார் மருத்துவரிடம் அரசுச் செலவில் போகலாம். அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் நம் அண்ணாச்சி தோற்றுத்தான் போவார். கார் இருந்தால் நெல்லை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கார்தான் இல்லை. எனக்குப் பொறாமை அந்த ஒரு மணி நேரத்தின் மேல் இல்லை. ஒரு படைவீரரின் முதுகை எவ்வளவு தூரம் அலையவிடலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, அதன் மேல்.

நம்மிடம் எழுதி வைத்திருப்பது யோகா. 2014 டிசம்பரில் ஐ.நா.வில் 177 நாடுகளைக் கையெழுத்துப் போட வைத்து ஜூன் 21-ஐ உலக யோகா நாள் ஆக்கினோம். ஒவ்வொரு ஜூனிலும் பனிமலையில் ஜவான்கள் பாய் விரித்துக் குனிகிறார்கள், போர்க்கப்பல் தளத்தில் வரிசையாக வளைகிறார்கள். படம் அழகாக வரும். நாள்பட்ட முதுகு வலிக்கு யோகா உதவும் என்பது நிஜம்; அமெரிக்க மருத்துவர் சங்கங்களில் ஒன்று 2017-இல் மாத்திரைக்கு முன்னால் வைக்கச் சொன்ன பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆனால் முதுகு நன்றாக இருக்கும்வரைதான் அரசு யோகா சொல்லிக் கொடுக்கும். முதுகு போய் ஓய்வு பெற்று வந்தபின் பனவடலிசத்திரத்தில் பாய் விரிக்க ஆள் கிடையாது, படம் எடுக்கவும் ஆள் கிடையாது. 2022-இல் 37 கன்டோன்மென்ட் மருத்துவமனைகளில் ஆயுர்வேத மையம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் கன்டோன்மென்ட் இருப்பதே இரண்டு இடம்: வெலிங்டன், பரங்கிமலை-பல்லாவரம். எண்ணெய் தடவிக்கொள்ள அண்ணாச்சி நீலகிரி ஏற வேண்டும். மலையேற்றம் அவருக்குப் பழக்கம்தானே என்று நினைத்திருப்பார்கள்.

கோபத்தை ஒரு நிமிடம் இறக்கி வைத்துவிட்டு, முடியாத காரியமா என்று பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். வட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான், பக்கவாதம் வந்து படுத்தவர்களைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது என்பது வேறு விஷயம். வீடு தேடிப் போக முடியும் என்று ஒரு மாநில அரசு காட்டிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் இ.சி.எச்.எஸ். செலவில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்காரட்டும். சுற்று ஊர்ப் பட்டாளத்தாரைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கட்டும். கூட்டமாகப் பயிற்சி செய்வது அவர்களுக்குப் புதிதல்ல, விசில் ஊதினாலே வரிசை கட்டிவிடுவார்கள். உள்ளூரில் தகுதியுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் ரசீது கொடுத்தால் ரெஃபரல் கேட்காமல் பணம் தரட்டும். ஒரே ஒரு முதுகை வெட்டித் திருகாணி முடுக்குகிற பில்லில் இதை எத்தனை மாதம் நடத்தலாம் என்று 8,317 கோடியைக் கையில் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அவர்கள் போடமாட்டார்கள். ரிப்பன் வெட்ட அதில் கட்டடம் இல்லை.

அதைவிடச் சிக்கனமான வழியை டெல்லி கண்டுபிடித்துவிட்டது. பாலி கிளினிக்கில் கூட்டம் அதிகமா? கூட்டத்துக்கு வருகிற உரிமையையே எடுத்துவிடு. 2022 ஜூன் 14-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு நான்கு வருசம்தான். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை தங்கலாம், மற்றவர்கள் ஊருக்கு. முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, பென்ஷன் கிடையாது, கேன்டீன் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. பணியால் பாதி உடம்பாவது போனது என்று போர்டு ஒப்புக்கொண்டால் இழப்பீடு உண்டு: ஐம்பது விழுக்காட்டுக்கு 15 லட்சம், எழுபத்தைந்துக்கு 25, நூறுக்கு 44. பழைய ஆளுக்கு இருபதில் தொடங்கிய ஊனம் இவனுக்கு ஐம்பதில் தொடங்குகிறது. வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஏணியில் காலே எட்டாது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் உள்ளே போன முதல் அணி, 2026 முடிகிற சமயம் வெளியே வரத் தொடங்கும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன்கள். 166 சென்டிமீட்டர் உயரமும் பார்த்துப் பார்த்து அளந்த 77 சென்டிமீட்டர் மார்புமாகப் போனவர்கள்.

அண்ணாச்சியின் தங்கை மகன் ஒருவன் அப்படிப் போயிருக்கிறான் என்று வையுங்கள். லீவில் வந்தவன் டீக்கடையில் மாமா பக்கத்தில் நிற்கிறான். அவனும் உட்காரவில்லை.

"மாமா, முடிச்சு வரும்போது பதினோரு லச்சத்துச் சொச்சம் கையில தருவாங்களாம். என்ன செய்யலாம்?"

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "எம்புட்டு நாளாலே வலிக்கு?"

"ஆறு மாசமா."

"அப்ப மொதல்ல நல்ல மெத்தை ஒண்ணு வாங்கு மாப்ளே. பெறவு நெல்லைல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வாடகை வீடாப் பாரு. மிச்சம் இருந்தா பொண்ணு பாப்போம்."